ஸ்க்ரூ கழல மறுக்கிறதா? அறிகுறியைப் பார்த்து முனையைத் தேர்ந்தெடுக்கும் வழி

குமரி மாவட்டத்தில் ஒரு ஸ்க்ரூ கழலவில்லை என்றால் முதலில் வருகிற பேச்சு, "உப்புக் காத்துல்லா, துரு புடிச்சிருக்கும்" என்பதுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சின்னமுட்டம் முதல் தேங்காப்பட்டணம் வரை கடற்கரை முழுக்க உப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் நமக்குக் கிடைப்பதால் குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் ஈரம் காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை. ஆனால் தலை மழுங்கிப் பட்டறைக்கு வருகிற ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், துரு கெடுத்ததைவிடப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துத் திருகிக் கெடுத்ததே அதிகம் என்பேன். துரு ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். தலையை மழுக்குவது நம் கை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் ஸ்க்ரூ என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். எதற்குப் போவதானாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். குண்டூசியோ பழைய காம்பஸ் முள்ளோ எடுத்து ஸ்க்ரூ தலையின் குழியைச் சுரண்டுங்கள். மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கத்து வீடு என்றால் உள்ளே மணல் இறுகிக் கிடக்கும். ஜன்னல், கதவு என்றால் பெயின்ட். குழிக்குள் அரை மில்லிமீட்டர் அழுக்கு இருந்தாலும் முனை அடிவரை இறங்காது. சுரண்டியதும் செல்போன் கேமராவில் பெரிதாக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அப்புறம் முனையை வைத்து, திருப்பாமல், இடமும் வலமும் லேசாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது இந்த ஸ்க்ரூவுக்கு உரிய முனை இல்லை. சுவிட்ச் போர்டு, எம்சிபி (தானாக விழுகிற மின் பாதுகாப்புச் சுவிட்ச்) என்றால் மெயினை அணைத்துவிட்டுத்தான் எதுவும்.

முனை குழியிலிருந்து எகிறி வெளியே வருகிறது

பிளஸ் தலைக் குடும்பத்தின் நோய் இது. ஆளுக்கு ஆள் மாறாமல் நடப்பதும் இதுதான். காரணம், நாம் எல்லாவற்றையும் "ஸ்டார்" என்று ஒரே பேரில் கூப்பிட்டு, வீட்டில் இருக்கிற ஒரே ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எல்லாவற்றிலும் நுழைத்துப் பார்க்கிறோம். பிளஸ் வடிவில் குறைந்தது மூன்று சாதி உண்டு.

முதலாவது பிலிப்ஸ். ஹென்றி பிலிப்ஸ் என்ற அமெரிக்கர் 1930களில் காப்புரிமை வாங்கிப் பரப்பியது. கார் தொழிற்சாலைகளில் வேகமாக முடுக்குவதற்கு வசதியாக இருந்ததால் பரவியது. இதன் குழி கீழே போகப்போகக் கூம்பிக் குறுகும். சுவர் சாய்வாக இருப்பதால், திருப்பும் பலம் கூடும்போது முனையை மேலே தள்ளிவிடும். எனவே பிலிப்ஸில் திருப்புகிற பலத்தைவிட அழுத்துகிற பலம் கூடுதலாக இருக்க வேண்டும். அளவு 0, 1, 2, 3 என்று போகும். முனைத் தண்டில் பிஎச்1, பிஎச்2 என்று பொறித்திருக்கும். 2.5, 3 மி.மீ. ஸ்க்ரூவுக்குப் பிஎச்1. மூன்றரை முதல் 5 மி.மீ. வரை பிஎச்2. 6 மி.மீ.க்குப் பிஎச்3. வீட்டில் இருப்பது பெரும்பாலும் பிஎச்2. அதை வைத்துக்கொண்டு டிவி ரிமோட்டில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவையும், கதவுக் கீலில் இருக்கிற பெரிய ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் கெடுக்கலாம். பெரிய தலையில் பிஎச்2 நன்றாக உட்கார்ந்தது போலத் தெரியும், ஆனால் சுவரைத் தொடாமல் அடியை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது ஜப்பான் பிளஸ், அதாவது ஜேஐஎஸ். நம் கடற்கரையில் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. வள்ளங்களில் ஓடுகிற யமஹா, சுசுகி அவுட்போர்டு இயந்திரங்கள், பழைய ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் கார்புரேட்டர், இவற்றில் வருவது இது. பார்க்க அச்சு அசல் பிலிப்ஸ்தான். தலையில் பிளஸ்ஸின் நான்கு கால் பகுதிகளில் ஒன்றில் மட்டும் சின்னதாக ஒரு புள்ளி குழிந்திருந்தால் ஜேஐஎஸ் என்று எடுத்துக்கொள்ளலாம். புள்ளி இல்லாத ஜேஐஎஸ்ஸும் உண்டு, ஜப்பான் இயந்திரம் என்றாலே சந்தேகப்படுங்கள். பிலிப்ஸ் முனை இதில் முழுதாக இறங்காது. முனையின் நுனி அடியைத் தட்டி நின்றுவிடும், சிறகுகள் சுவரைக் கவ்வாது. "யமஹா ஸ்க்ரூ எல்லாம் வெண்ணெய்" என்று மெக்கானிக்குகள் அலுத்துக்கொள்வது இதனால்தான். ஸ்க்ரூவின் மேல் குற்றம் இல்லை. ஜேஐஎஸ் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிட்டால் அது பிலிப்ஸ் தலையிலும் நன்றாகவே வேலை செய்யும். கிடைக்கவில்லை என்றால் பழைய பிஎச்2 முனையின் நுனியைக் கிரைண்டரில் ஒரு துளி தேய்த்து மொட்டையாக்குங்கள், இன்னும் ஆழமாக இறங்கும்.

மூன்றாவது போசிடிரிவ். பிளஸ்ஸுக்கு நடுவே நான்கு மூலைகளிலும் 45 பாகையில் மெல்லிய கோடு கீறியிருக்கும், எட்டுக் கதிர் சூரியன் மாதிரி. நாகர்கோவிலில் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் மாடுலர் கிச்சன் இல்லாத வீடு குறைவு; அந்தக் கதவுக் கீல்களில் பார்க்கலாம். எம்சிபியில் கம்பியை இறுக்குகிற ஸ்க்ரூக்களிலும் பிளஸ்ஸும் மைனஸும் கலந்த மாதிரி ஒரு தலை இருக்கும், அது பெரும்பாலும் போசிடிரிவ் கலப்பு. இதற்குப் பிஇசட்2 முனை வேண்டும். போசிடிரிவ்வின் சுவர் நேராக நிற்பதால் அதன் முனை எளிதில் எகிறாது. பிலிப்ஸ் முனையைப் போட்டால் ஆடும், நாலு திருப்பலில் தலை வழவழப்பாகிவிடும். தலைகீழாக, பிஇசட் முனை பிலிப்ஸ் தலையில் முழுதாக உள்ளே போகாது. எம்சிபியில் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கம்பி இறுகாமல் சூடேறும். அதனால் எலக்ட்ரீஷியனிடம் பிஇசட்2 இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கிவிட்டதா? சரியான முனையை வைத்து, சுத்தியலால் தலையில் இரண்டு தட்டு தட்டி உட்கார வைத்து, உடம்பு எடையை ஏற்றிக்கொண்டு மெதுவாகத் திருப்புங்கள். இன்னும் வழுக்கினால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொஞ்சம் தடவுங்கள். என்ஜின் வேலை செய்கிற பட்டறையில் கேட்டால் ஒரு விரல் நுனி அளவு தருவார்கள். அதிலிருக்கிற மணித்துகள் பிடிமானம் கொடுக்கும். நடுவில் ரப்பர் பேண்ட் வைப்பது மெல்லிய ஸ்க்ரூவுக்குச் சரி, வண்டி ஸ்க்ரூவுக்கு அது விளையாட்டு. பேட்டரி டிரில் இந்த நிலையில் வேண்டவே வேண்டாம்.

எல் கீ உள்ளேயே சுற்றுகிறது

ஆறு பக்கக் குழி. கடையில் எல்என் கீ, எல் கீ, ஆலன் கீ என்று எப்படிக் கேட்டாலும் கிடைக்கும். சுற்றுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

கீயின் நுனி தேய்ந்திருக்கலாம். நுனியைப் பார்த்தாலே தெரியும், ஆறு மூலையும் உருண்டு பளபளக்கும். நல்லவேளை, எல் கீயைத் தூக்கிப் போட வேண்டாம். கிரைண்டரில் நுனியை 3 மி.மீ. வெட்டி விட்டால் புது மூலை கிடைக்கும். வெட்டும்போது நீலம் பாயாமல் தண்ணீரில் முக்கி முக்கி வெட்டுங்கள். சூடேறினால் எஃகு மிருதுவாகிவிடும். பந்து முனைக் கீ வைத்து இறுகின போல்ட்டைத் திறக்க முயன்றாலும் வழுக்கும். பந்து முனை, தளர்ந்தபின் வேகமாகச் சுற்றுவதற்கு மட்டும்.

இரண்டாவது, மில்லிமீட்டர் இஞ்ச் கலப்பு. அமெரிக்க ஜிம் உபகரணம், பழைய லேத், இறக்குமதிப் பம்புகளில் இஞ்ச் வரும். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. கீ இலகுவாக நுழையும், நுழைந்து மூலையை உருட்டிவிடும். இதே ஆபத்து மறுபக்கமும் உண்டு: 3/16 இஞ்ச் கீ 4.76 மி.மீ., அது 5 மி.மீ. குழியில் ஆடிக்கொண்டு நுழையும். 5/32 மட்டும் ஏறக்குறைய 4 மி.மீ. (3.97), அங்கே பெரிய சேதம் வராது.

மூன்றாவது, போல்ட் அளவையும் கீ அளவையும் குழப்பிக்கொள்வது. உருளைத் தலை ஆலன் போல்ட்டில் எம்5க்கு (தண்டு 5 மி.மீ. கனம்) 4 மி.மீ. கீ, எம்6க்கு 5, எம்8க்கு 6, எம்10க்கு 8. ஆனால் குவிந்த பொத்தான் தலை என்றால் எம்6க்கு 4, எம்8க்கு 5 தான். தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவில் இன்னும் சின்னது: எம்6க்கு 3, எம்8க்கு 4. பம்பு கப்ளிங், ஃபேன் புல்லியில் உள்ளது இந்தக் கிரப் ஸ்க்ரூதான். அதன் குழி ஆழம் குறைவு என்பதால் கீ அடிவரை போகிறதா என்று பார்க்காமல் திருகவே கூடாது.

மூலை முழுக்க உருண்டுவிட்டால், கையால் நுழையாமல் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மட்டும் நுழைகிற அளவில் ஒரு டார்க்ஸ் பிட்டை (அடுத்த தலைப்பில் வருகிற ஆறு இதழ் முனை) அடித்து இறக்கித் திருப்புங்கள். அந்தப் பிட் அப்புறம் குப்பைதான், இருந்தாலும் வேலை முடியும்.

பூ மாதிரி ஆறு இதழ். எல் கீயும் ஓரளவு நுழைகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இது டார்க்ஸ். 1967இல் அமெரிக்காவில் வந்தது. இதற்கும் "ஸ்டார்" என்றுதான் பெயர் என்பதால் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ கடையில் போய் "ஸ்டார் முனை குடுங்கண்ணே" என்றால் அவர் பிலிப்ஸை எடுத்து வைப்பார், அவர் மேல் தப்பில்லை. "டார்க்ஸ், டி27" என்று எண்ணோடு கேளுங்கள்.

டி27 என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ரப்பர் தோட்டக்காரர்களுக்கு அது முக்கியம். ஸ்டில் (Stihl) கம்பெனியின் பிரஷ் கட்டர், செயின்ஸா இவற்றின் மூடிகளை இறுக்கியிருப்பது பெரும்பாலும் டி27. அதன் குறுக்களவு 5.07 மி.மீ. நம் கடைகளில் கிடைக்கிற மலிவு பிட் பெட்டிகள் பலவற்றில் டி25, அடுத்து டி30 என்று தாவி இருக்கும். டி25 (4.5 மி.மீ.) உள்ளே போகும், லேசாகத் திருப்பினால் திரும்பவும் செய்யும், இறுக்கமாக இருக்கும்போது இதழை நசுக்கிவிடும். டி30 நுழையாது. சிலர் 4 மி.மீ. எல் கீயைப் போட்டுப் பார்ப்பார்கள், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இயந்திரத்தோடு வருகிற சாவியைத் தொலைக்காமல் ஒரு நூலில் கட்டி வைப்பது உத்தமம்.

இதழ்களுக்கு நடுவே ஒரு ஊசி நின்றால் அது பாதுகாப்பு டார்க்ஸ். நடுவில் ஓட்டை போட்ட பிட் வேண்டும். ஊசியை உளியால் தட்டி உடைக்கிறவர்களும் உண்டு. மைக்ரோவேவ் ஓவன் என்றால் உடைக்கவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற கெபாசிட்டர் ஆளைக் கொல்கிற அளவு மின்சாரத்தை வைத்திருக்கும்.

திருப்பத் திருப்ப இன்னும் இறுகுகிறது

ரிவர்ஸ் மரை, அதாவது திருகுப் புரி எதிர்ப்பக்கமாக வெட்டியது. டேபிள் ஃபேனின் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி, பல மிக்ஸிகளில் மோட்டார் மேல் இருக்கிற கப்ளர், சைக்கிளின் இடது பெடல், பிரஷ் கட்டரின் பிளேடு நட், யமஹா வண்டியின் வலப்பக்கக் கண்ணாடி. இவை எல்லாம் கடிகாரச் சுற்றில் கழலும். சுழலும்போது தானாகக் கழன்று விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கண்ணாடிக்கு மட்டும் காரணம் வேறு, மோதினால் முறியாமல் தளர்வதற்கு. எதையும் பலம் கொண்டு திருப்பும் முன் அது எந்தப் பக்கம் சுற்றுகிற பொருள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை

முனை சரி, தலை சரி, மரைதான் போய்விட்டது. அல்லது பின்னால் இருக்கிற நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. பின்னால் கை போகுமானால் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் பிளாஸ்டிக் பிளக் சுற்றினால், தலைக்கு அடியில் மெல்லிய தகட்டைச் செருகி மேலே நெம்பிக்கொண்டே திருப்பினால் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது அடுத்த அளவு பிளக். மரத்தில் என்றால் தீக்குச்சியும் ஃபெவிகாலும் போதும் என்று ஆசாரிகள் சொல்வது சரியான வைத்தியம்தான்.

அசையவே இல்லை

இப்போதுதான் துரு. ஆனால் இப்படி இறுகிக்கொள்வதில் மூன்று வகை பார்க்கலாம்.

இரும்பு ஸ்க்ரூ இரும்பில் துருப்பிடித்தது: செந்நிறம். ஊடுருவும் எண்ணெய் தெளித்து ஒரு ராத்திரி விட்டு, தலையில் சுத்தியலால் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு திருப்பிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இருக்கிறது. அது மரைக்குள் இறங்குகிற அளவு மெலிதானது அல்ல. மேலே நின்று தூசியைச் சேர்க்கும். டபிள்யூடி-40 இல்லை என்றால் மண்ணெண்ணெயோ டீசலோ பரவாயில்லை, பக்கத்தில் தீ மட்டும் கூடாது. ரப்பர் ரோலரின் போல்ட் என்றால் குற்றவாளி மழை மட்டும் அல்ல, ரப்பர் பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட்டும் கூட. ஷீட் அடித்து முடிந்ததும் ரோலரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவி வைத்தால் அடுத்த வருடம் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டி வராது.

ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அலுமினியத்தில் இறுகியது: வெள்ளைப் பொடி. அவுட்போர்டு இயந்திரங்களின் தீராத வியாதி இது. கடல்நீர் பட்டால் இரண்டு உலோகமும் பேட்டரி போல வேலை செய்து அலுமினியம் அரிக்கப்படும், அந்த அரிப்புப் பொடி மரைக்குள் உப்பி ஸ்க்ரூவைக் கவ்வும். எண்ணெய் மட்டும் போதாது. பெட்ரோல் டேங்கையும் குழாயையும் அகற்றிவிட்டு, ஹாட் ஏர் கன்னால் ஸ்க்ரூவை அல்ல, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். அலுமினியம் கூடுதலாக விரியும், பிடி தளரும். பிறகு கையால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர். சுத்தியலால் அடிக்கும்போது அது முனையை அழுத்திக்கொண்டே ஒரு துளி திருப்பும், எனவே முனை எகிறாது. கியர் ஆயில் வடிக்கிற பெரிய மைனஸ் ஸ்க்ரூவுக்கு, கோட்டின் முழு நீளத்தையும் அகலத்தையும் நிரப்புகிற பட்டை முனை வேண்டும். நுனி மெலிந்த வீட்டு ஸ்க்ரூடிரைவர் கோட்டின் ஓரத்தைத்தான் உடைக்கும்.

ஸ்டெயின்லெஸ் நட், ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பாதியில் பூட்டிக்கொண்டது: துரு எதுவும் தெரியாது, புத்தம் புதிதாகவே இருக்கும். வேகமாக முடுக்கும்போது இரண்டும் உராய்ந்து ஒட்டிக்கொள்கிறது. மேலும் திருகினால் போல்ட் முறியும். பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இந்த வடிவத்தைப் பார்த்ததே இல்லை

ஐபோனின் அடியில் இருக்கிற ஐந்து இதழ் ஸ்க்ரூ பென்டலோப், 0.8 மி.மீ.; உள்ளே ஒய் போன்ற மூன்று கீற்று. முக்கோணக் குழி சில அயர்ன் பாக்ஸ், பொம்மைகளில் வரும். இரண்டு புள்ளி ஓட்டை உள்ளதைப் பொதுக் கழிப்பறை, லிஃப்ட் பலகையில் பார்க்கலாம், அதற்குக் கவட்டை போன்ற பிட். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் பன்னிரண்டு கூர் கொண்ட குழி வரும். அது டார்க்ஸ் அல்ல, எக்ஸ்இசட்என். டார்க்ஸை நுழைத்தால் சிலிண்டர் ஹெட் போல்ட்டையே இழப்பீர்கள். கனடாக்காரர்களின் சதுரக் குழியான ராபர்ட்சன் இங்கே அரிது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டில் இருப்பது ஸ்க்ரூவே அல்ல, ஒருமுறை பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க முடிகிற பூட்டு. அதைத் திறக்க எந்த முனையும் தேட வேண்டாம்.

தலையே போய்விட்டது

தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் (கவ்விப் பூட்டிக்கொள்கிற குறடு). பரந்த தலை என்றால் ஹாக்ஸா பிளேடால் ஒரு கோடு அறுத்து மைனஸ் ஆக்கிவிடலாம். உள்ளே புதைந்திருந்தால், போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் நிரப்பி ஸ்பேனரால் திருப்புவது எனக்குப் பிடித்த வழி; வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். போல்ட்டில் துளை போட்டு உள்ளே திருகி இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கடைசி. அது டிரில் பிட்டாலும் துளைக்க முடியாத கடின எஃகு; சின்ன போல்ட்டுக்குள் முறிந்தால் பிறகு மெஷின் ஷாப்தான் கதி.

புதிது மாட்டும்போது

கடலோரம் என்றால் தலையில் ஏ4 என்று பொறித்த ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், அது 316 ரகம். ஏ2 என்பது 304. கடலிலிருந்து தள்ளியிருக்கிற ஊர்களுக்கு அது போதும், கடற்கரை வீட்டு கேட்டில் பழுப்புத் திட்டு வரும். பொறிப்பே இல்லாமல் "எஸ்எஸ் தாம்ணே" என்று தருவதை வாங்க வேண்டாம். வலு முக்கியமான இடத்தில், 12.9 என்று வலுத் தரம் பொறித்த கறுப்பு ஆலன் போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் போடவும் கூடாது, அது அந்த அளவு பலம் தாங்காது. மரையில் மரைன் கிரீஸ் தடவிக் கையால் நாலைந்து சுற்று ஏற்றிய பிறகே கருவியை எடுங்கள். பிளஸ் தலைக்குப் பதிலாக அதே நீளத்தில் எல் கீ தலையோ டார்க்ஸோ கிடைத்தால் மாற்றிவிடுங்கள். அதற்கான முனை ஒன்றை அந்த இயந்திரத்தோடே டேப் போட்டு ஒட்டி வைத்துவிடுங்கள்.